டம்போ சுவரொட்டி: 1941 அச்சா, 1972 அச்சா?

பெரிய காதுகளைக் கொண்டு பறக்கும் சர்க்கஸ் யானைக்குட்டியின் கதையான டிஸ்னி திரைப்படம் ‘டம்போ’, 1941 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியானது. அதன் முதல் வெளியீட்டுச் சுவரொட்டிக்கும் 1972 மறுவெளியீட்டுச் சுவரொட்டிக்கும் இடையே தேர்ந்தெடுக்க விரும்புவோர், முதலில் விநியோக நிறுவனத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். 1941இல் படத்தை விநியோகித்தது ஆர்.கே.ஓ. ரேடியோ பிக்சர்ஸ், டிஸ்னியின் சொந்த விநியோக நிறுவனமான பியூனா விஸ்டா 1953இல்தான் தொடங்கப்பட்டது என்பதால், அப்பெயர் தாங்கிய எந்தச் சுவரொட்டியும், எவ்வளவு பழுப்பேறியிருந்தாலும், முதல் வெளியீட்டைச் சேர்ந்ததாக இருக்க முடியாது. ஆனால் ஆர்.கே.ஓ. பெயர் மட்டுமே போதுமான சான்றன்று; 1949 மறுவெளியீட்டையும் அந்நிறுவனமே கையாண்டது.

அக்காலச் சுவரொட்டிகள் திரையரங்குகளுக்கு மடித்தே அனுப்பப்பட்டன. ஆகவே மடிப்புக் கோடுகளைக் குறையாகக் கருதத் தேவையில்லை. அளவு இரண்டிலும் ஏறத்தாழ 27க்கு 41 அங்குலமே.

1941 அச்சு மிக அரிது, விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. போர்க்காலத்தில் பழைய காகிதம் திரட்டப்பட்டதில் எத்தனையோ சுவரொட்டிகள் அழிந்தன. சேகரிப்பாளருக்கு அதற்கு ஈடு கிடையாது என்றே கருதுகிறேன். எனினும், வெயில் படும் வரவேற்பறைச் சுவரில் நாள்தோறும் பார்த்து மகிழ விரும்புவோர் 1972 அச்சையே வாங்கலாம். அதையும் புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பின்னால் சட்டமிடுவது அவசியம்.