கிளியரிங்ஹவுஸ் பதிவை அழித்துத் தருகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு ட்ரக் ஓடும் ஒன்ராறியோச் சாரதிகளுக்கும், அங்கேயே சிடிஎல் எனப்படும் வர்த்தக வாகன அனுமதிப்பத்திரம் வைத்து ஓடுபவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. கிளியரிங்ஹவுஸ் என்பது சாரதிகளின் போதை, மதுப் பரிசோதனை மீறல்களைப் பதிந்து வைக்கும் அமெரிக்க அரசின் இணையத்தளம். போதைப் பரிசோதனையில் பிடிபட்ட சாரதிகளைத் தேடிப் பிடித்து, "கிளியரிங்ஹவுஸில் உள்ள பதிவை அழித்துத் தருகிறோம்" என்று முற்பணம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கஞ்சாவுக்குப் பொசிட்டிவ் வந்த சாரதி ஒருவர் பணத்தோடு, அமெரிக்க அரசுத் தளங்களுக்குள் நுழையும் தன் லொகின்.கவ் கணக்கின் கடவுச்சொல்லையும், தொலைபேசிக்கு வந்த குறியீட்டையும் கொடுத்தார். அவர்கள் அவர் பெயரில், பதிவுகளைத் திருத்தக் கேட்கும் டேட்டாக்யூஸ் தளம் வழியாக ஒரு மனுவைப் போட்டு, அதன் படத்தை "வேலை நடக்கிறது" என்று அனுப்பினார்கள். மனு தள்ளுபடியானது. பிறகு கணக்கின் மின்னஞ்சலும் மாறியிருந்தது, அவரால் உள்ளே போக முடியவில்லை.

அந்த மனு வெல்லவே முடியாதது. பதிவு தவறாக ஏற்றப்பட்டிருந்தால் மட்டுமே அங்கே கேட்கலாம், பரிசோதனை முடிவு தவறு என்று வாதாட முடியாது. முடிவில் சந்தேகம் இருந்தால் அதற்குரிய நேரம் வேறு: மருத்துவ மீளாய்வு அதிகாரி முடிவைச் சொன்னதிலிருந்து 72 மணி நேரத்துக்குள், பிரித்து வைத்த இரண்டாவது மாதிரியைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். மனுவுக்கு இடம் தரும் நிலைகள் சில உண்டு. குடித்து ஓட்டியதாகப் பொலிஸ் கொடுத்த டிக்கெட்டை வைத்துக் கம்பனி பதிவு ஏற்றி, பிறகு நீதிமன்றத்தில் தண்டனை இல்லாமல் போனால் அதற்கான ஆவணத்தைச் சேர்க்கலாம். பரிசோதனைக்கு மறுத்ததாகக் கம்பனி உரிய ஆதாரமின்றி ஏற்றியிருந்தால் நீக்கக் கேட்கலாம். மனு முழுமையாக இருந்தால் 45 நாட்களில் பதில் வரும். பதிவால் இப்போதே ஓட முடியாமல் இருந்தால் விரைவு விசாரணை கேட்கலாம், அது 14 நாள். இதையெல்லாம் நீங்களே செய்யலாம், ஒரு சதமும் செலவில்லை.

கனடாவில் 2018 ஒக்டோபர் முதல் கஞ்சா சட்டபூர்வம் என்பதும், டாக்டர் எழுதித் தந்தார் என்பதும் அமெரிக்கப் போக்குவரத்து விதியில் எடுபடாது.

உங்கள் பதிவை யார் பார்க்கலாம் என்பது தெரிந்தால் பாதி ஏமாற்று வெளிச்சமாகிவிடும். 2020 ஜனவரி 6 முதல் இயங்கும் இந்தத் தளத்தில் சாரதி பதிவு செய்வதும் தன் பதிவைப் பார்ப்பதும் இலவசம். வேலைக்கு எடுக்கும் கம்பனி முழுத் தேடல் செய்ய வேண்டும். அதற்கு நீங்கள் தளத்துக்குள் போய், அந்தக் கம்பனிக்கென்றே சம்மதம் கொடுக்க வேண்டும். சம்மதம் மறுத்தால் அங்கே ஓட முடியாது. ஆண்டுக்கொரு முறை செய்யும் மேலோட்டத் தேடலுக்குக் கையெழுத்திட்ட பொதுச் சம்மதம் போதும், அதில் "தகவல் இருக்கிறதா இல்லையா" என்பது மட்டுமே தெரியும். இருக்கிறது என்று வந்தால் 24 மணி நேரத்தில் முழுத் தேடல், இல்லையேல் உங்களை வண்டியிலிருந்து இறக்க வேண்டும். ஒரு தேடலின் விலை 1.25 டொலர், அதைக் கட்டுவது கம்பனி. "கிளியரிங்ஹவுஸ் பதிவுக் கட்டணம்" என்று சாரதியிடம் காசு கேட்பவர் பொய் சொல்கிறார்.

சொந்த வண்டி ஓடுபவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். உங்களுக்குப் பரிசோதனை நிர்வாகம் செய்யும் இடைநிலை நிறுவனம் ஒன்றைத் தளத்தில் நியமிப்பது கட்டாயம். ஆனால் தேடல்களுக்கு முன்கூட்டியே காசு கட்டி வாங்கும் தொகுப்பை அந்த நிறுவனம் வாங்க முடியாது. முதலாளி என்ற கணக்கில் நீங்கள்தான் தளத்துக்குள் போய் அதை வாங்க வேண்டும்.

பதிவு ஐந்து ஆண்டு இருக்கும். வேலைக்குத் திரும்பும் நடைமுறையும் தொடர் பரிசோதனைகளும் முடியாவிட்டால் அதற்கு மேலும் இருக்கும். வெளியே வர ஒரே வழி எஸ்ஏபி எனப்படும் மதிப்பீட்டாளரைத் தளத்தில் நீங்களே தெரிவு செய்து, முதல் மதிப்பீடு, அவர் சொல்லும் வகுப்பு அல்லது சிகிச்சை, இரண்டாவது மதிப்பீடு என்று வரிசையாகப் போவது. பிறகு கண்காணிப்பின் கீழ் சிறுநீர் கொடுத்து நெகட்டிவ் வர வேண்டும். அதைக் கம்பனி தளத்தில் ஏற்றிய பின்தான் தடை நீங்கும். ஏற்றாமல் இழுத்தடிக்கும் கம்பனிகள் உண்டு, எழுத்தில் கேளுங்கள். பிறகு முதல் 12 மாதத்தில் குறைந்தது 6 பரிசோதனை. எஸ்ஏபி வெறும் தொலைபேசியில் பேசி முடிக்கிறேன் என்றாலோ, தன் சொந்த நிலையத்துக்கே சிகிச்சைக்கு அனுப்பினாலோ விலகிவிடுங்கள். மதிப்பீட்டை இணையவழி செய்யலாம், ஆனால் முகம் தெரியும் காணொளி வேண்டும்.

அமெரிக்க மாநில அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு 2024 நவம்பர் 18 முதல் ஆபத்து கூடியிருக்கிறது. கிளியரிங்ஹவுஸில் ஓட்டத் தடை என்ற நிலையில் இருந்தால் மாநிலம் 60 நாட்களுக்குள் சிடிஎல் உரிமையை நீக்கி அனுமதிப்பத்திரத்தைக் கீழிறக்கும். இந்தப் பதற்றத்தைத்தான் ஏமாற்றுக்காரர்கள் காசாக்குகிறார்கள்.

கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றே லொகின்.கவ் போய்க் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதோடு நிற்காமல், கணக்கில் இணைந்துள்ள தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, உங்களுடையது அல்லாததை நீக்குங்கள். எல்லையை விரைவாகக் கடக்க உதவும் ஃபாஸ்ட், நெக்ஸஸ் அட்டைக் கணக்குகளும் இதே லொகின்.கவ் வழியாகத்தான் திறக்கின்றன, அவற்றையும் பாருங்கள். பணம் போன அட்டையின் வங்கிக்கு அழைத்து முறையிடுங்கள், கனடாவில் இருப்பவர்கள் மோசடித் தடுப்பு மையத்திலும் பதியுங்கள். பிறகு கிளியரிங்ஹவுஸுக்குள் போய், உங்களுக்குத் தெரியாத எந்தக் கம்பனிக்காவது உங்கள் பெயரில் சம்மதம் போயிருக்கிறதா, நீங்கள் கேட்காத எஸ்ஏபி தெரிவாகியிருக்கிறாரா என்று சரிபாருங்கள்.