கம்பளி, அக்ரிலிக், பருத்தி: இந்த வருடம் எது உடம்பில் ஏறியது?

மார்கழிக் குளிர் குன்னூரில் நன்றாகவே இறங்கிவிட்டது. டிசம்பர் கடைசி வாரத்தில் பின்னல் நோட்டை எடுத்து, அந்த வருடம் ஊசியிலிருந்து இறங்கியதையெல்லாம் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். இந்த வருடம் 11 உருப்படி. அக்ரிலிக்கில் 5, கம்பளியில் 3, பருத்தியில் 3. எண்ணியதோடு விடாமல், வாங்கிக்கொண்ட ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "போட்டுக்கிறீங்களா, பெட்டியில கிடக்கா?" என்று கேட்டேன். அடுத்த வருடம் எந்த நூலுக்குக் காசு போடுவது என்பதை அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊர்க் கடையில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக். அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் செயற்கை இழை. ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுத்தக் கம்பளி என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்த நாலு கண்டு என் பெட்டியில் ரொம்ப நாளாக இருந்தன. போன மாதம் அதில் இரண்டு அங்குலம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினேன். உருகிச் சொட்டி, ஆறியதும் குண்டுமணி மாதிரி கறுப்பாக இறுகிக்கொண்டது. அசல் கம்பளியாக இருந்தால் முடி பொசுங்கும் வாடை வரும், தீயை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். பருத்தியோ காகிதம் போல எரிந்து சாம்பலாகும். சீட்டு இல்லாத நூல் வீட்டில் இருந்தால் இந்தச் சோதனையை அவசியம் செய்து பாருங்கள்.

சரி, கம்பளியும் அக்ரிலிக்கும். எனக்காக நான் பின்னிக்கொள்ளும்போது கம்பளிதான், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் மேலே ஈரம் தெரியாமல் இருக்கும். பனிமூட்டத்தில் மார்க்கெட்டிலிருந்து மேடேறி வீட்டுக்கு வரும்போது இதன் அருமை தெரியும். அக்ரிலிக் ஈரத்தை உள்ளே வாங்காது. ஏறும்போது வேர்த்த வேர்வை, வீட்டு வாசலில் நிற்கையில் முதுகில் சில்லென்று ஒட்டும். பின்னுகிறவளுக்கும் கம்பளி ஒரு வரம். கை கொஞ்சம் இறுகியும் தளர்ந்தும் போட்ட கண்ணிகள், நனைத்து, துண்டின் மேல் அளவுக்கு இழுத்து ஊசி குத்திக் காயவைத்தால் ஒன்றுபோல் அமர்ந்துவிடும். அக்ரிலிக் அப்படி அமராது. இஸ்திரிப் பெட்டியை வைத்து அமர்த்தப் பார்த்தால் இழை உயிர் போய் வதங்கித் தொங்கும், பிறகு மீளாது.

ஆனால் போன் போட்டபோது கிடைத்த பதில் வேறு மாதிரி இருந்தது. அக்ரிலிக்கில் பின்னிய ஐந்துமே புழக்கத்தில் இருக்கின்றன. எங்கள் வீட்டு வேலைக்கு உதவும் அக்காவின் மகளுக்கு ஜூன் மாதம் பின்னிய நீல பள்ளி ஸ்வெட்டர், வாரா வாரம் துவைகல்லில் அடி வாங்கியும் அளவு மாறவில்லை. முழங்கையில் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கிறது, அவ்வளவுதான். கம்பளியில் பின்னிய மூன்றில் இரண்டுதான் மிச்சம். மூன்றாவது பெங்களூரில் இருக்கும் மகனுக்காக ஆறு வாரம் உட்கார்ந்து மெரினோ என்னும் மென்மையான கம்பளி நூல் 450 கிராமில் பின்னியது. ஜீன்ஸோடு சேர்த்து வெந்நீரில் மெஷினில் போட்டுவிட்டான். "அம்மா, இது இனிமே பாப்பாவுக்குத்தான் பத்தும்" என்று போட்டோ அனுப்பினான். கை வைத்த இடமெல்லாம் கம்பளம் மாதிரி இறுகி, ஒரு கண்ணிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் அலசலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அப்புறம் பிரிக்க முடியாது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செதில்களை மழுங்கடித்து, மேலே பூச்சு கொடுத்த 'சூப்பர்வாஷ்' கம்பளி இருக்கிறது. மெஷின் தாங்கும், விலைதான் தாங்காது. இறக்குமதி மெரினோவில் ஒரு 100 கிராம் கண்டு வாங்கும் காசில் அக்ரிலிக்கில் ஒரு ஸ்வெட்டரையே முடித்துவிடலாம். இத்தனைக்கும் ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மென்மையான கம்பளி தரும் நீலகிரி ஆடு என்று நமக்கே ஓர் இனமும் இருக்கிறது. அந்தக் கம்பளியில் நூற்ற பின்னல் நூலை ஒருமுறையாவது கையில் வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடைகளில் இதுவரை நான் பார்த்ததில்லை.

பருத்திக்குச் சுருள்வில் குணம் கிடையாது, கனமும் அதிகம். கோயம்புத்தூர் அக்காவுக்குப் பின்னிய கார்டிகன் கொடுக்கும்போது 24 அங்குல நீளம். ஈரத்தோடு கொடியில் போட்டுப் போட்டு இப்போது 26. விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் ரிப் பார்டரும் தளர்ந்து வாய் பிளந்துவிட்டது. தட்டையாக விரித்துக் காயவைக்கச் சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு. மற்ற இரண்டும் சென்னைக்குப் போன குழந்தைத் தொப்பிகள்; இரண்டும் தினமும் தலையில் ஏறுகின்றன. விளக்கும் ஊதுபத்தியும் எரிகிற வீட்டில் பச்சைக் குழந்தைக்கு உருகுகிற நூலைப் போட எனக்கு மனசு வராது.

நூலோடு சேர்ந்ததில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் முறைப்படி வரும் நம் ஊசிகளில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். அமெரிக்க முறை நேர் எதிர். நம் 8-ஆம் நம்பர் 4 மில்லிமீட்டர், அவர்களுடைய 8 என்பது 5 மில்லிமீட்டர். அமெரிக்கக் குறிப்பைப் பார்த்துப் பின்னிய ஒரு தொப்பி யார் தலையிலும் ஏறாமல் பிரிக்க வேண்டியதாயிற்று. இனி என் நோட்டில் மில்லிமீட்டர் மட்டும்தான்.

வரும் வருடம் கம்பளியில் மூன்றே மூன்று: எனக்கு ஒன்று, கையால் துவைக்கிறவர்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த இரண்டு பேருக்கு. அக்ரிலிக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஸ்வெட்டர் மட்டும், அதுவும் பெட்டியில் இருப்பது தீரும்வரை. சமவெளியில் இருப்பவர்களுக்குப் பருத்தி, ஆனால் தொப்பி, காலுறை, கைக்குட்டை அளவில் சின்னதாக.

பெரிய பருத்தி ஆடைக்கு இன்னொரு வழி மனசில் இருக்கிறது. மில் கோனில் வரும் 10-ஆம் நம்பர் (இது ஊசி நம்பர் அல்ல, நூலின் கன எண்) பருத்தி நூல் 100 கிராமில் ஏறக்குறைய 1,700 மீட்டர் ஓடும். ஐந்து இழையைச் சேர்த்துப் பிடித்தால் 340 மீட்டர், கிட்டத்தட்ட நாம் '4 பிளை' என்று சொல்லும் மெல்லிய பின்னல் நூலின் கனம். முறுக்கி ஒட்டாத இழைகளின் நடுவே ஊசி குத்தும், அதனால் முனை மழுங்கலான மூங்கில் ஊசி எடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரி 1 காலையில் 30 கண்ணி ஏற்றி ஒரு சதுரம் பின்னி, நனைத்து, வேண்டுமென்றே கொடியில் கிளிப் போட்டு ஒரு வாரம் தொங்கவிடப் போகிறேன். ஒரு அங்குலத்துக்குள் நீண்டால் அக்காவுக்குப் புது கார்டிகன். மீறினால் அந்தக் கோன் முழுக்கக் குழந்தைத் தொப்பிதான்.