பவுல் கேம் டிக்கெட்: முதலில் கூரையைப் பாருங்கள், அப்புறம் அணியை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) சீசன் முடிவில் நடக்கும் பவுல் கேம்களில் ஒன்றுக்குத்தான் போக முடியும், எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் ரோஸ் பவுல் என்றுதான் சொல்வேன். எந்த இரண்டு அணிகள் மோதுகின்றன என்பதுகூட எனக்கு அடுத்த கேள்விதான்.

அந்த ஆட்டம் நடக்கும் கலிஃபோர்னியாவின் பசடேனாவில் ஜனவரி முதல் தேதி மதியம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வியர்க்காது, நடுங்கவும் வேண்டாம். மிச்சிகன், ஒஹையோ பக்கம் பனியில் உறைந்து கிடப்பவர்கள் இந்த வெயிலுக்காகவே விமானம் ஏறி வருகிறார்கள். பவுல் கேம் என்ற வழக்கமே அப்படித்தான் வளர்ந்தது: குளிர்காலத்திலும் எங்கள் ஊர் இப்படி இருக்கும், வந்து பாருங்கள் என்று வெப்பமான ஊர்கள் விரித்த விருந்து அது. 1902-ல் இங்கே நடந்த முதல் ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி 49-0 என்று ஸ்டான்ஃபோர்டை நசுக்கியது. இப்போதைய ஸ்டேடியம் 1922-ல் திறந்தது. நூறு வயது தாண்டிவிட்டது, ஏறத்தாழ 90,000 பேர் உட்காரலாம், தலைக்கு மேலே கூரை என்று எதுவும் கிடையாது.

வயது தெரியத்தான் செய்கிறது. பல பகுதிகளில் பெஞ்சுதான், முழங்கால் முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும், உள்ளே போகும் சுரங்கவழிகள் குறுகல், ஆட்டம் முடிந்ததும் அவற்றில் கூட்டம் நெரியும். ஸ்டாண்டின் சரிவு குறைவு என்பதால் கீழ் வரிசைகளில் உட்கார்ந்தால் ஓரத்தில் நிற்கும் ஆட்டக்காரர்களின் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள், ஆகவே விலை கூடினாலும் குறைந்தாலும் மேலே போய் உட்காருங்கள். மேற்கு ஸ்டாண்டில் நிழல் சீக்கிரம் வந்துவிடும், கிழக்கில் இருப்பவர்கள் மூன்றாவது குவார்ட்டர் (ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் ஒன்று) முழுக்கச் சூரியனை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்தப் பக்கம் எடுக்காதீர்கள். எனக்குப் பிடித்தது தெற்கு முனை, உயரமான வரிசை. அங்கிருந்து பார்த்தால் எதிரே வடக்கில் சான் கேப்ரியல் மலைத்தொடர் முழுசாகத் தெரியும். மாலை வெயிலில் அந்த மலை ஆரஞ்சாகி, ஊதாவாகி, அப்படியே இருண்டு போவதற்குள் கீழே ஆட்டமும் சூடுபிடித்துவிடும். இதற்கு இணையாக வேறு எந்த ஸ்டேடியத்திலும் எனக்கு எதுவும் கிடைத்ததில்லை.

அதனால்தான் ஆட்ட நேரத்தை மாற்றியதில் எனக்கு வருத்தம். வழக்கமாக மதியம் 2 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை 2026-ல் 1 மணிக்குக் கொண்டுவந்தார்கள். ஜனவரி தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைவது ஐந்து மணிக்குச் சற்று முன்னால். அப்படியென்றால் அந்த நிறமாற்றத்துக்கு நேரம் வருவதற்குள் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. டிவிக்கு வசதி, சரி. ஸ்டேடியத்தில் இருப்பவனுக்கு இழப்புதான். இன்னொன்று, சூரியன் மறைந்ததும் குளிர் சட்டென்று இறங்கும், ஒரு ஸ்வெட்டர் கட்டாயம்.

கூரைதான் வேண்டும் என்பவர்களுக்கு டெக்சஸின் ஆர்லிங்டனில் இருக்கும் ஏடி அண்ட் டி ஸ்டேடியம். காட்டன் பவுல் ஆட்டத்தை 2010-ல் இங்கே மாற்றினார்கள். அதற்குமுன் அது டாலஸில் ஃபேர் பார்க்கின் திறந்த ஸ்டேடியத்தில் நடந்தது, அங்கே குளிர் எப்படி இருக்கும் என்பதற்கு 1979 ஆட்டமே போதும். பனிப்புயலுக்குப் பிறகு உறைந்து கிடந்த மைதானத்தில் உடல் வெப்பம் இறங்கிப்போன நோட்ர டேம் கல்லூரி ஆட்டக்காரர் ஜோ மொன்டானாவுக்குச் சிக்கன் சூப் கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள், அவர் வந்து தன் அணியை 35-34 என்று ஜெயிக்க வைத்தார். அந்தப் பழைய ஸ்டேடியத்திலேயே 2018 டிசம்பர் 26 அன்று பாஸ்டன் காலேஜும் பாய்சி ஸ்டேட்டும் ஆடிய இன்னொரு பவுல் ஆட்டம் முதல் குவார்ட்டரிலேயே மின்னலால் நின்றுபோய், கடைசியில் முடிவே இல்லாமல் ரத்தானது. அவ்வளவு தூரம் குடும்பத்தோடு வந்தவர்களை நினைத்தால் கூரையின் அருமை புரியும்.

ஆனாலும் ஆர்லிங்டனில் எனக்கு மனசு ஒட்டவில்லை. இருக்கை அருமை, கழிப்பறை தாராளம், நடுவில் தொங்கும் ராட்சதத் திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அந்தத் திரையையேதான் ஆட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்போம், அதுதான் என் குறை. கொரோனா கட்டுப்பாட்டால் 2021-ல் ரோஸ் பவுல் ஆட்டத்தையே இங்கே மாற்றினார்கள். அலபாமா 31-14 என்று ஜெயித்தது, ஆனால் மலையும் இல்லை, மாலையும் இல்லை, பெயர் மட்டும்தான் ரோஸ் பவுல். கூரை போட்டதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஃபியெஸ்டா பவுல் நடக்கும் அரிசோனாவின் கிளெண்டேல் என்பேன். அங்கே புல்தரையையே ஒரு பெரிய தட்டில் வளர்த்து, ஆட்டம் இல்லாத நாட்களில் வெயிலுக்கு வெளியே நகர்த்திவிடுகிறார்கள். அசல் புல்லில் ஆடுவதைப் பார்ப்பதே தனி.

குளிர் ஊர்களில் நடப்பவற்றில் நியூயார்க்கின் பின்ஸ்ட்ரைப் பவுலுக்கு ஒரே பெரிய பலம் சப்வே, அதாவது நிலத்தடி ரயில். 161-வது தெருவில் இறங்கினால் யாங்கி ஸ்டேடியம் வாசல், பார்க்கிங் தொல்லையே கிடையாது. மற்றபடி அது பேஸ்பாலுக்குக் கட்டியது, நீள்சதுரமான ஃபுட்பால் மைதானத்தை அதற்குள் பொருத்தும்போது பல இருக்கைகள் தள்ளிப்போய்விடுகின்றன. டிசம்பர் கடைசியில், ஸ்டேடியம் இருக்கும் பிராங்க்ஸ் பகுதியின் காற்றில் மூன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். உங்கள் கல்லூரி ஆடினால் போங்கள். இல்லையென்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், சின்னக் குழந்தைகளோடு என்றால் வேண்டவே வேண்டாம்.

இதை வைத்துக் குளிரில் ஃபுட்பாலே கூடாது என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-ல் சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றுகள் 12 அணிகளாக விரிந்தபோது முதல் சுற்றைக் கல்லூரிகளின் சொந்த மைதானத்திலேயே வைத்தார்கள். தன் சொந்த ஊரான கொலம்பஸில் உறைநிலைக்குக் கீழே போன இரவில் ஒஹையோ ஸ்டேட் 42-17 என்று டென்னசியை அடித்தது. அங்கே குளிரும் சொந்த ஊர் அணியின் ஆயுதம், பல வருஷமாக அதில் நின்று பழகிய கூட்டம் அது. அந்த மாதிரி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைத்தால் உள்ளே தெர்மல் உடுப்பு, கையில் வெப்பப் பை, பெஞ்சில் போட ஒரு மெத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு தைரியமாகப் போகலாம்.