நாகர்கோவில்ல ஒரு கிட்னி கிளினிக்: டாக்டருக்கு 5 ஸ்டார், டோக்கனுக்கு 1

தங்கச்சிக்கு லூபஸ், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற நோய், அது கிட்னியையும் புடிச்சிருச்சு. முகம் வீங்கி யூரின் நுரை நுரையா போக ஆரம்பிச்சப்போதான் தக்கலைல இருந்து இங்க கூட்டிட்டு ஓடுனோம். கிளினிக் பேரு போடல, ஏன்னா கடைசில திட்டவும் போறேன்.

காலைல 6 மணிக்கு டோக்கன் எடுத்தோம், உள்ள கூப்புட்டது 1:30க்கு. இருந்த ஒரு ஃபேனும் ரிசப்ஷன் பக்கமா திரும்பி நிக்கு.

ஆனா டாக்டரு 25 நிமிஷம் பேசுனாவ. தங்கச்சி "ஸ்டீராய்டு எதுக்கு, முகம் உப்புது, நிறுத்திரட்டா"ன்னு கேட்டா. கோவமே படாம "வீட்ல சக்க வெட்டிருக்கியாம்மா"ன்னாவ (சக்கன்னா எங்க ஊருல பலாப்பழம்). ரத்தக்குழாயோட உள்சுவரு செல்லு சாதாரணமா வழுவழுன்னுதான் இருக்குமாம், வெள்ளணு அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். இன்ஃப்ளமேஷன், அதாவது அழற்சி வந்தா டிஎன்எஃப், ஐஎல்-1னு சிக்னல் வந்து அந்த செல்ல தட்டும், உள்ள என்எஃப்-கப்பா-பின்னு ஒரு சுவிட்ச் விழும், உடனே மேல சக்கப் பிசினு கணக்கா ஒட்டுற புரதமா முளைக்கும். அதுல ஈ-செலக்டின்ங்கிறது ஓடுற வெள்ளணுவ உருள வச்சு வேகத்த கொறைக்கும், ஐகேம்-1, விகேம்-1 ரெண்டும் கெட்டியா புடிச்சு நிறுத்திரும், பொறவு அது சுவரு இடுக்கு வழியா கிட்னிக்குள்ள ஏறி நாசம் பண்ணும். லேப்ல வளக்குற செல்லுல பாத்தா ஈ-செலக்டின் 4-6 மணி நேரத்துல உச்சத்துக்கு போயி இறங்கிருமாம், மத்த ரெண்டும் ஒரு நாள் தாண்டியும் நிக்குமாம். இதயம் தள்ளுற ரத்தத்துல சுமார் 20 சதவீதம் கிட்னிக்குதான் போகுதுன்னு வேற சொன்னாவ, அப்போ எவ்வளவு வெள்ளணு அந்த வழியா போவும்னு நெனச்சுப் பாருங்க.

ஸ்டீராய்டு அமுக்குறது அந்த சுவிட்சத்தான். நான் குறுக்க பூந்து "அப்போ சக்க வெட்டும்போது பிசினு ஒட்டாம கைல தடவுற தேங்காண்ணெ மாதிரியா சார்"னேன். "இல்ல, எண்ணெ ஒட்டாம பாத்துக்கும், இது பிசினு ஊறுறதையே கொறைக்கும், திடீர்னு விட்டா மறுபடி ஊறும், உடம்பு தானா சுரக்குற ஸ்டீராய்டும் அதுக்குள்ள தூங்கிக் கெடக்கும், அதனால நானே படிப்படியா கொறைக்கேன்"னாவ. தங்கச்சி அதுக்கப்புறம் ஒரு நாளும் மாத்திரைய விடல.

இனி திட்டு. பில்லுல எந்த டெஸ்ட்டுக்கு எவ்வளவுன்னே இல்ல, மொத்தமா ஒரு நம்பரு. கீழ ஃபார்மசில நிக்க பையன்ட்ட மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா பொறவான்னு கேட்டா "சீட்டுல இருக்கு"ன்னான். சீட்டுல இல்ல, திரும்ப மாடி ஏறினேன்.