மூன்று கடல், ஒரே கேள்வி: எண்ணெய் தோண்டுமுன் யாரைக் கேட்டார்கள்?

திருகோணமலையின் திருக்கடலூர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இலங்கையின் கிழக்குக் கடலிலும் எண்ணெய் தேடும் பேச்சு இருக்கிறது என்றேன். ஊசியை நிறுத்தாமலே, "அது சரி தம்பி, எங்களிட்ட ஆர் கேட்டது?" என்றார். உரிமைத் தகராறு உள்ள மூன்று கடல்களை அந்தக் கேள்வியை வைத்தே அலசிப் பார்த்தேன்.

வடமேற்கு ஆபிரிக்காவில் இருக்கும் மேற்கு சகாராவின் பெரும்பகுதி மொறோக்கோவின் கையில் இருக்கிறது. அந்த மக்களின் நலனையும் விருப்பத்தையும் மதிக்காமல் எண்ணெய் தேடுவதும் எடுப்பதும் சர்வதேச சட்ட மீறல் என்று 2002இல் ஐ.நா. சட்ட ஆலோசகர் ஹான்ஸ் கொரெல் எழுதினார். அங்கே விடுதலைக்குப் போராடும் போலிசாரியோ இயக்கம் எதிர்த்தும், 2014 கடைசியில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான கொஸ்மொஸ் எனர்ஜி மொறோக்கோவின் அனுமதியோடு அந்தக் கடலில் கிணறு தோண்டியது. கிடைத்த வாயு வணிகத்துக்குப் போதவில்லை, பிறகு விலகியது. கிடைத்திருந்தால் விலகியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

தென் அத்திலாந்திக்கில் பிரித்தானியாவின் கீழ் இருக்கும் போக்லாந்துத் தீவுகளில் எண்ணெய்க்கு அனுமதி தருவது தீவின் சொந்த அரசு. பிரித்தானியாவோடு இருப்பதா என்று 2013இல் வாக்கெடுத்தபோது 1,517 பேர் வாக்களித்தார்கள், வேண்டாம் என்றவர்கள் 3 பேர். அந்த மக்களின் மனம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உரிமை கோரும் ஆர்ஜென்டீனா, எண்ணெய் பற்றி 1995இல் பிரித்தானியாவோடு செய்த ஒத்துழைப்பு உடன்பாட்டிலிருந்து 2007இல் வெளியேறிவிட்டது. அந்தக் கடலில் சீ லயன் என்ற எண்ணெய் வயலை 2010இல் கண்டுபிடித்தும் 15 ஆண்டுகளில் ஒரு பீப்பாய் விற்பனைக்கு வரவில்லை. எண்ணெய் விலையும் காரணம்தான், ஆனால் தகராறுள்ள கடலில் பணம் போட முதலீட்டாளர் தயங்குவார்கள்.

அவுஸ்திரேலியாவுக்கும் கிழக்குத் திமோருக்கும் நடுவே இருக்கும் திமோர் கடலின் கதை அநியாயத்தில்தான் தொடங்கியது. 1989 டிசம்பரில் அவுஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்கள் அந்தக் கடலுக்கு மேலே பறந்த விமானத்தில் எண்ணெயைப் பங்கிடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஷாம்பெயின் கோப்பையை உயர்த்தினார்கள். கீழே இந்தோனேசியாவின் ஆக்கிரமிப்பில் இருந்த திமோர் மக்களுக்கு அதில் இடமே இல்லை. 2002இல் சுதந்திரம் பெற்ற நாளிலேயே திமோர், இரு நாடும் பகிரும் கூட்டுப் பகுதியின் எண்ணெய் வருமானத்தில் 90 சதவீதம் தனக்கு என்று அவுஸ்திரேலியாவோடு புதிய ஒப்பந்தம் போட்டது. 2005இல் அந்த வருமானத்தைச் சேர்த்துவைக்கப் பெற்றோலிய நிதியத்தைத் தொடங்கியது. அதன் அறிக்கை ஆண்டுதோறும் வெளிவருகிறது, பணம் எடுக்க நாடாளுமன்றம் சம்மதிக்க வேண்டும். அப்புறம் 2016இல் ஐ.நா. கடல் சட்டத்தின் கீழான கட்டாய சமரசத்துக்கு அவுஸ்திரேலியாவை இழுத்து, 2018இல் கடல் எல்லையையே எழுதி வாங்கியது. நிதியத்திலிருந்து அளவுக்கு மீறி எடுக்கிறார்கள், வாயுக் குழாய் எந்த நாட்டுக் கரைக்கு என்ற இழுபறியும் நீண்டது. இருந்தும் மூன்றில் நான் தேர்வது இதைத்தான். சின்ன நாடு பெரிய நாட்டை மேசைக்கு வரவைத்தது, பணம் போன வழியும் எல்லாருக்கும் தெரிகிறது.

நமது கடலில் நாடுகளுக்கிடையே எல்லைச் சண்டை இல்லை. ஆனால் கரையில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற தகராறு தீரவில்லை, திருகோணமலைச் சீனன்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களைப் பற்றிய பேச்சுகளே அதற்குச் சாட்சி. 2020 செப்டம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் 2,70,000 டன் மசகு எண்ணெயோடு நியூ டயமண்ட் கப்பல் எரிந்ததையும் கிழக்குக் கரை மறக்கவில்லை. எண்ணெய் தேடும் கப்பல் சில விநாடிக்கொரு தரம் நீருக்குள் காற்றுவெடி போட்டுக்கொண்டே போகும். திமிங்கிலங்கள் வரும் மாதங்களில் அதை நிறுத்துவது, மீன் பிடிக்க முடியாத நாளுக்கு நஷ்டஈடு, கசிந்தால் யார் பொறுப்பு, இவை மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன்பே அதைத் தமிழிலும் சிங்களத்திலும் திருக்கடலூர், கிண்ணியா, கொட்பே கரைகளில் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும்.