கோப்புக்கு லேபிள் ஒட்டும் வேலை: ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தின் மூன்று ஆண்டு அனுபவம்

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். மைக்ரோசாஃப்ட் 365-இல் பர்வியூ என்ற பெயரில் வரும், கோப்பு எவ்வளவு ரகசியம் என்று குறிக்கும் சென்சிட்டிவிட்டி லேபிள் வசதியை மூன்று ஆண்டுகளுக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வேர்டு, எக்செல், அவுட்லுக் மூன்றிலும் மேலே ஒரு பொத்தான் இருக்கும். அதில் ஒரு நிலையைத் தேர்ந்தால், கோப்பு எங்கே போனாலும் அந்தக் குறியும் கூடவே போகும். வேண்டுமானால் வாட்டர்மார்க் போடலாம், யார் திறக்கலாம் என்று பூட்டும் போடலாம். நிறுவுவது எப்படி என்பதற்கு வீடியோக்கள் நிறைய உண்டு. அலுவலகத்தில் இது நாள்பட எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எத்தனை நிலை வைப்பது என்பதில்தான் முதல் சண்டை. ஹார்வர்டில் ஐந்து நிலைகள், ஸ்டான்ஃபோர்டில் மூன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நான்கு வைத்துக்கொண்டு, தரவு எவ்வளவு அவசரமாகக் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்குத் தனியாக இன்னொரு நான்கு வைத்திருக்கிறது. நாங்கள் நான்கோடு நின்றோம்: பொது, அலுவலகம், ரகசியம், மிக ரகசியம். புதிய கோப்பு எதுவானாலும் 'அலுவலகம்' என்று தானாக விழும்படி வைத்தோம். ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருந்தால் ஜனங்கள் கையில் அகப்பட்டதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

எது மிக ரகசியம் என்பதைச் சட்டத்தைப் பார்த்து முடிவு செய்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி முடியாது. 2011-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் கடவுச்சொல், வங்கி விவரம், உடல்நிலை, பயோமெட்ரிக் போன்றவற்றைப் பட்டியலிட்டன. சாதி அந்தப் பட்டியலில் இல்லை. 2019-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் சாதியும் பழங்குடியும் சேர்ந்தன. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ அப்படி ஒரு தனிப் பட்டியலே கிடையாது. ஆக, சாதிச் சான்றிதழை எந்த நிலையில் வைப்பது என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு. நாங்கள் அதை உச்சத்தில் வைத்தோம். தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் மாணவரின் சாதி சக மாணவருக்குத் தெரிவதைவிட வங்கிக் கணக்கு எண் தெரிவது ஆபத்து என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் மாட்டிக்கொண்டது நாமினல் ரோல் என்கிற மாணவர் விவரப் பட்டியல். கல்லூரியில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த எக்செல் தாள் தெரிந்திருக்கும். பெயர், பதிவெண், அப்பா பெயர், சமூகப் பிரிவு, ஆதார், வங்கிக் கணக்கு, முதல் பட்டதாரியா இல்லையா, கைபேசி எண் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும். வகுப்பு ஆலோசகருக்கு வேண்டியது கைபேசி எண் மட்டும்தான், ஆனால் அவர் கைக்குப் போவது முழுத் தாள். லேபிளோ கோப்பு முழுவதற்கும் ஒன்றுதான். நெடுவரிசைக்கு ஒன்று என்று ஒட்ட முடியாது. அதனால் ஒரே ஒரு நெடுவரிசை மொத்தத் தாளையும் மிக ரகசியமாக்கிவிட்டது, ஆலோசகர்களால் திறக்க முடியவில்லை. ஒரு பருவம் முழுக்கப் புகார். கடைசியில் சேர்க்கைப் பிரிவே தாளை மூன்றாகப் பிரித்தது. இத்தனை ஆண்டுகளில் நடந்த உருப்படியான மாற்றம் இதுதான். மென்பொருள் வாங்காமலும் செய்திருக்கலாம்தான், ஆனால் அதுவரை யாரும் செய்யவில்லை.

கோப்பில் ஆதார் போன்ற எண்கள் இருக்கின்றனவா என்று மென்பொருளே தானாகக் கண்டுபிடிக்கும் வசதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆதார் 12 இலக்கம், கடைசி இலக்கம் வெர்ஹோஃப் என்ற கணக்குப்படி முந்தைய பதினொன்றிலிருந்து வரும் சரிபார்ப்பு இலக்கம். எங்கள் பதிவெண்ணும் 12 இலக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளிலும் அப்படித்தான். முதல் பதினொன்று மாறாமல் கடைசி இலக்கம் மட்டும் 0 முதல் 9 வரை ஓடினால், அந்தப் பத்தில் சரியாக ஒன்று சரிபார்ப்பில் தேறிவிடும். அறுபது பேர் வகுப்பின் மதிப்பெண் பட்டியலில் ஆறு 'ஆதார்' முளைத்தது இப்படித்தான். எண்ணுக்குப் பக்கத்தில் ஆதார் என்ற சொல்லும் இருந்தால்தான் எடுத்துக்கொள் என்று கடுமையாக்கிய பிறகு தொல்லை குறைந்தது. தமிழ்ச் சொல்லையும் சேர்த்துக்கொண்டோம். ஆனால் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளில் அது வேலை செய்யாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடுகள். பழைய அலுவலகக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றாமல் இந்த வசதியை நம்ப வேண்டாம்.

பூட்டு விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். தொடக்கத்தில் 'ரகசியம்' நிலைக்கும் என்கிரிப்ஷன் போட்டிருந்தோம். உதவித்தொகைப் பட்டியலை வெளித் தளத்தில் ஏற்றினால் அது கோப்பைப் படிக்கவில்லை. ஆய்வு மாணவர்கள் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் திறந்தால் அதுவும் படிக்கவில்லை. பூட்டிய கோப்பை மற்ற மென்பொருள் படிக்காது என்பது எதிர்பார்த்ததுதான். விளைவாக, எல்லோரும் பூட்டில்லாத நகல் ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். இப்போது மிக ரகசியத்துக்கு மட்டும்தான் பூட்டு.

சரி, இத்தனை சிக்கலுக்கு நடுவில் ஏன் தொடர்கிறோம்? கீழ்நிலை ஊழியர்களுக்காக. முன்பெல்லாம் துறைத்தலைவர் கேட்டால் பிரிவு உதவியாளர் அனுப்பியே ஆக வேண்டும். இப்போது நிலையைக் குறைத்தால் காரணம் எழுதச் சொல்லும்படி வைத்திருக்கிறோம். ஒருநாள் அலுவலகத்தில் என் காதில் விழுந்தது:

"அந்த லிஸ்ட்டை முழுசா அனுப்பும்மா."

"மிக ரகசியம்னு வருது சார். மாத்தினா என் பேர்ல பதிவாகும். போன் நம்பர் மட்டும் போதுமா?"

"போதும், போதும்."

ஹேக்கரைத் தடுத்ததா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் 'முடியாது' என்று நேராகச் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவருக்கு இது மறுக்க ஒரு வழி கொடுத்தது. என் கணக்கில் கொடுத்த காசுக்கு இதுவே போதும்.

தேர்வுப் பிரிவுக்கு மட்டும் இது இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. காலை பத்து மணி வரை உச்ச ரகசியமான வினாத்தாள், மதியம் தேநீர்க் கடையில் கிடக்கும். நேரம் வந்ததும் லேபிள் தானாக இறங்காது, ஆள்தான் மாற்ற வேண்டும். விடைத்தாளில் வேறு சங்கடம். தன் விடைத்தாளை மாணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. என்ன லேபிள் ஒட்டியிருந்தாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கல்வி நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் உரிமங்களில், கையால் ஒட்ட ஏ3 போதும், தானாகக் கண்டறிய ஏ5 வேண்டும். சேர்க்கை, தேர்வு, உதவித்தொகைப் பிரிவுகளுக்கு மட்டும் ஏ5 எடுத்தோம். டீம்ஸ் குழுவுக்கு ஒட்டிய லேபிள் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு இறங்காது, இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுபவரை இது தடுக்காது. அதற்குத் தனியாக ஒரு சுற்றறிக்கை போட்டோம். அதையும் யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள்.