டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் பவர்மேட்டிக் 80: வாட்ச் ஜோர், ரிப்பேரை நினைத்தால்தான் யோசனை

நீல முகப்பு, 40 மி.மீ. கேஎல்லில் (கோலாலம்பூர்) தினமும் வேலைக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். ஜப்பான் வாட்ச் செய்கோ 5 வாங்குகிற காசைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆனாலும் சுவிஸ் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்), கீறல் எளிதில் விழாத சஃபையர் கண்ணாடி, 100 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்று கூட்டிப் பார்த்தால் கொடுத்த காசு வீண் இல்லை.

முகப்பு முழுக்க வேஃபர் பிஸ்கட் மாதிரி குட்டிக் குட்டிக் கட்டம், எல்ஆர்டி ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் அதைப் பார்த்தே ஸ்டேஷனைத் தவறவிடலாம். செயின்தான் படுத்துகிறது. கொக்கியில் துளி தளர்த்த வழியே இல்லை, நம்ம ஊர் மதிய வெக்கையில் மணிக்கட்டு உப்பினால் இறுக்கிப் பிடிக்கும், கடையில் கிடைக்கிற சாதா ஸ்ட்ராப்பும் இதற்குப் பொருந்தாது.

வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலையிலும் ஓடுகிறது. செய்கோ 5-இன் 4ஆர்36 இயந்திரம் சுமார் 41 மணி நேரம்தான் தாங்கும், இது 80. ஈடிஏ என்கிற சுவிஸ் கம்பெனியின் பழைய 2824 இயந்திரத்தை எடுத்து, மணிக்கு 28,800 துடிப்பை 21,600 ஆக்கி, ஸ்பிரிங்கை நீளமாக்கியிருக்கிறார்கள். ஈடிஏவும் டிஸ்ஸோவும் ஒரே சுவாட்ச் குழுமம். முன்பு 2824 ஊரில் பாதி பிராண்டுக்குள் இருந்தது. வெளிக் கம்பெனிகளுக்கு இயந்திரம் கொடுப்பதைக் குறைக்கப் போகிறோம் என்று 2002-இல் குழுமம் அறிவிக்க, சுவிஸ் போட்டி ஆணையம் குறுக்கே வர, வருடக்கணக்கில் இழுபறி. அந்தச் சந்தில் செலிட்டா என்கிற இன்னொரு சுவிஸ் கம்பெனி 2824-இன் அதே வடிவத்தில் எஸ்டபிள்யூ200 இயந்திரம் போட்டு நன்றாகப் பிழைத்துக்கொண்டது. குழுமமோ இந்த 80 மணி நேரச் சரக்கைத் தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. விலை கட்டுப்படியாவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

அதன் மறுபக்கம் கேஎல் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு சின்ன வாட்ச் ரிப்பேர் கடையில் தெரிந்தது. பின்மூடிக் கண்ணாடி வழியாக லென்ஸ் வைத்துப் பார்த்த அண்ணன், "வேகத்தைத் திருத்துற முள்ளே இதுல இல்ல தம்பி, ஃபேக்டரியிலயே லேசர்ல செட் பண்ணி அனுப்பிடுறான், நான் கை வைக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 2824 என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர் அவர். ஆக, இதற்குக் கம்பெனி சர்வீஸ்தான் கதி, அவர்கள் சொல்வதுதான் ரேட்டு.

பத்து வருடம் போட்டுவிட்டு வேறு மாற்றுகிறவர் தாராளமாக வாங்கலாம். பிள்ளைக்குக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் செலிட்டா போட்ட வாட்ச் ஏதாவது பாருங்கள், 2824 தெரிந்தவர் அதையும் பிரித்துவிடுவார். கை மெலிந்தவர்கள் 35 மி.மீ. கட்டிப் பார்க்காமல் 40-க்குப் போக வேண்டாம், மேசையில் இருப்பதைவிடக் கையில் பெரிதாகத் தெரியும்.